நடப்பவருக்கு முதல் வழி

கோல்ஃப் ஆட கிளப்பில் இடம் கிடைக்க வேண்டும், மட்டைப் பை வேண்டும், புல்லைப் பராமரிக்க ஒரு படையே வேண்டும். டிஸ்க் கோல்ஃபுக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டு போதும். கடற்கரையில் விற்கும் ஃபிரிஸ்பியின் உறவுக்காரன்தான் இந்தத் தட்டு. குறுக்களவில் அதைவிடச் சிறியது, கையில் எடுத்தால் கனமாகத் தெரியும்.

ஆட்டம் எளிது. ஓரிடத்தில் நின்று தட்டை வீசுவீர்கள். விழுந்த இடத்துக்கு நடந்து போய் அங்கிருந்து மறுபடி வீசுவீர்கள். தூரத்தில் ஒரு கம்பத்தில் இரும்புக் கூடையும், அதற்கு மேலே வட்டமாகத் தொங்கும் சங்கிலிகளும் இருக்கும். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழுந்தால் அந்த ஹோல் முடிந்தது; அடுத்ததற்கு நடக்கலாம். ஒரு சுற்றுக்கு 9 அல்லது 18 ஹோல். பெரும்பாலானவை 60 முதல் 120 மீட்டர் நீளம் இருக்கும், மூன்று வீச்சில் முடிக்கலாம் என்று கணக்கு. மொத்தத்தில் யார் குறைவான தடவை வீசினாரோ அவர் ஜெயித்தார். நடுவர் கிடையாது. கூட ஆடுகிறவர்களே எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வார்கள்.

சென்னைக்குத் தட்டு புதிதல்ல. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை மணலில் 2000களின் பிற்பகுதியிலிருந்து அல்டிமேட் என்ற தட்டு விளையாட்டை ஆடுகிறார்கள். இரண்டு அணிகள், 175 கிராம் எடையுள்ள ஒரு தட்டு, ஆணும் பெண்ணும் ஒரே அணியில். அங்கேயும் நடுவர் இல்லை. தவறு நடந்தால் ஆட்டக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையின் ஃபிளை வைல்டு அணியைப் பற்றிய ‘175 கிராம்ஸ்’ என்ற குறும்படம் 2015இல் சன்டான்ஸ் விழா வரை போனது. ஆகவே தென்சென்னையில் தட்டை நேராக வீசத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அல்டிமேட்டுக்கு எல்லைக்கோடு உண்டு. மணலில் நான்கு முனையிலும் அடையாளம் வைத்துவிட்டால் மற்றவர்கள் விலகிப் போவார்கள். டிஸ்க் கோல்ஃபோ பூங்காவின் குறுக்கே நடந்துகொண்டே ஆடும் ஆட்டம். பூங்காவுக்குள் இன்னொரு இருநூறு பேர் நடந்துகொண்டிருப்பார்கள். இந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அந்த இருநூறு பேரை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். தட்டு, கூடை, கை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆட்டம் பிறந்ததே பொதுப் பூங்காவில்தான். பிரெட் மாரிசன் என்பவர் வடிவமைத்த பறக்கும் தட்டை 1957இல் வாம்-ஓ என்ற அமெரிக்க நிறுவனம் விற்கத் தொடங்கியது. அதே நிறுவனத்தில் பின்னால் வேலைக்குச் சேர்ந்த எட் ஹெட்ரிக் தட்டின் மேற்புறத்தில் வளைய வளையமாக வரிகளைச் சேர்த்தார், பறப்பு நிதானப்பட்டது. பொம்மையாக இருந்தது விளையாட்டுக் கருவியானது அப்போதுதான். 1975இல், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து லா கன்யாடா ஊரில், ஓக் குரோவ் என்ற பூங்காவில் முதல் நிரந்தரத் திடலை அவர் அமைத்தார். பூங்காவின் ஒருபுறம் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், இன்னொருபுறம் ஒரு தடுப்பணையின் நீர்ப்பிடிப்புப் பகுதி. நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள், கட்டுச்சோற்றோடு வரும் குடும்பங்கள் எல்லோரும் புழங்கும் இடம் அது. தனியே வேலி போட்டு யாரும் டிஸ்க் கோல்ஃபுக்கு நிலம் கொடுத்துவிடவில்லை.

முதலில் அங்கே கூடை இல்லை, வெறும் கம்பம்தான். தட்டு கம்பத்தில் பட வேண்டும். பட்டதா, உரசியதா, காற்றுதான் அடித்ததா என்று சண்டை. அந்தச் சண்டையை முடிக்கத்தான் ஹெட்ரிக் சங்கிலியும் கூடையும் கொண்ட அமைப்பை உருவாக்கினார். 1977இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தையும் தொடங்கியிருந்தார். 2002இல் அவர் இறந்தபோது, அவரே விரும்பியபடி, சாம்பலில் ஒரு பங்கை பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். தன் தொழிலை இதைவிட நெருக்கமாகப் பிடித்துக்கொண்ட மனிதரை நான் கேள்விப்பட்டதில்லை.

1983இல் இன்னொரு திருப்பம். டேவ் டனிபேஸ் என்பவர் விளிம்பைச் சீவி மெலிதாக்கிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். தூரம் ஒரேயடியாகக் கூடியது. 2016இல் நெவாடா பாலைவனத்தில் பலத்த பின்காற்றோடு ஒருவர் 338 மீட்டர் வீசினார். ஆனால் இந்தக் கூர்விளிம்புத் தட்டு பிடித்து விளையாடும் தட்டு இல்லை. கண்ணில் பட்டால் கண் போகும். பூங்காவில் ஆடுகிறவர் இதை ஒரு நிமிடமும் மறக்கக் கூடாது.

இன்றைய தட்டுகள் மூன்று வகை. கூர்விளிம்போடு தூரம் போகும் டிரைவர், நடுத்தரமான மிட்ரேஞ்ச், தடித்த மழுங்கிய விளிம்போடு மெதுவாகப் போகும் பட்டர். தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள்: வேகம், மிதப்பு, ஆரம்பத்தில் சாயும் அளவு, கடைசியில் சாயும் அளவு. வேக எண் 2, 3 என்றால் பட்டர். 12, 13 என்றால் பெரிய கைகளுக்கான டிரைவர். புதிதாக ஆடுகிறவர் அதை வாங்கினால் தட்டு முப்பது மீட்டரிலேயே இடப்பக்கம் சாய்ந்து தரையில் குத்தும், காசுதான் வீண். என் யோசனை இதுதான்: ஆள் நடமாடும் இடத்தில் பட்டர் மட்டும். அதுவும் கிடைக்காவிட்டால் விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும் 175 கிராம் அல்டிமேட் தட்டே போதும்.

தட்டு ஏன் சாய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெரிந்துகொண்டால் யார் மேலாவது விழுவது குறையும். வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் வீசும்போது, அதாவது கையை மார்புக்குக் குறுக்கே இடமிருந்து வலமாக இழுத்து விடும்போது, மேலிருந்து பார்த்தால் தட்டு கடிகார முள் போகும் திசையில் சுழலும். சுழலும் பொருளை முன்பக்கம் தூக்கினால் விளைவு முன்பக்கம் தெரியாது, கால் சுற்று தள்ளிப் பக்கவாட்டில் தெரியும். வேகம் இருக்கும்வரை காற்று தட்டின் பின்பாதியை அதிகம் தூக்குகிறது. தட்டு வலப்பக்கம் சாயப் பார்க்கும். வேகம் குறைந்ததும் முன்பாதியில் தூக்கல் கூடுகிறது. இடப்பக்கம் சாய்ந்து இறங்கும். முழுப் பாதையையும் தரையில் வரைந்தால் நீட்டிய எஸ் எழுத்து மாதிரி இருக்கும். இடக்கைக்காரரின் பேக்ஹேண்டுக்கும், வலக்கைக்காரரின் ஃபோர்ஹேண்டுக்கும் எல்லாம் தலைகீழ்.

இதில் காற்றைச் சேருங்கள். எதிர்க்காற்றில் வீசினால் தட்டைப் பொறுத்தவரை வேகம் கூடினாற்போலத்தான். வலப்பக்கச் சாய்வு அதிகமாகும், உயரே எழும்பும், எங்கேயோ போய் விழும். பின்காற்றில் சீக்கிரமே இடப்பக்கம் விழுந்துவிடும். கோடை நாட்களில் கடற்காற்று பெசன்ட் நகருக்கு வந்த பிறகுதான் இங்கே தாம்பரத்துக்கு எட்டும். அதுவரை மேற்கிலிருந்து வெக்கை வீசும். ஆகவே ஒரே திடலில் காலை ஆட்டமும் மாலை ஆட்டமும் வேறு வேறு. ஆடி மாதத்தில் அம்மியையே பறக்கவைக்கும் காற்றுக்கு 175 கிராம் எம்மாத்திரம்? அந்த மாதம் பத்து மீட்டருக்குள் கூடையில் போட்டுப் பழகுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஐப்பசி மழையில் வேறு தொல்லை: ஈரத் தட்டு கையிலிருந்து வழுக்கி நினைக்காத திசையில் பறக்கும். பையில் ஒரு பழைய துண்டு இருக்கட்டும்.

விதிப்புத்தகத்தில் நிறைய இருந்தாலும் பூங்காவில் தேவைப்படுபவை கொஞ்சம்தான். முதல் வீச்சு முடிந்ததும் கூடையிலிருந்து யார் தட்டு தொலைவில் கிடக்கிறதோ அவர்தான் அடுத்து வீச வேண்டும். தட்டு கிடந்த இடத்தில் சின்ன அடையாளத் தட்டு ஒன்றை வைத்து, அதற்குப் பின்னால், 20 செ.மீ. அகலமும் 30 செ.மீ. நீளமும் உள்ள இடத்துக்குள் ஒரு கால் ஊன்றியிருக்க வீச வேண்டும். கூடைக்கு 10 மீட்டருக்குள் வந்துவிட்டால், வீசியபின் நிலை தடுமாறி முன்னால் விழக் கூடாது. நின்று காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். எல்லைக்கு வெளியே போனால் ஒரு வீச்சு அபராதம். தட்டைக் காணவில்லை என்றால் மூன்று நிமிடம் தேடலாம். கிடைக்காவிட்டால் அதற்கும் ஒன்று.

மரத்தில் மாட்டினால்? வேம்பும் புங்கமும் தூங்குமூஞ்சியும் நிற்கிற ஊரில் இது அடிக்கடி நடக்கும். மாட்டிய இடத்துக்கு நேர் கீழே அடையாளம் வைத்து ஆடலாம். இரண்டு மீட்டருக்கு மேலே மாட்டினால் அபராதம் என்பது போட்டி நடத்துகிறவர் விருப்பப்பட்டால் மட்டும் சேர்க்கும் விதி. மேலே இருப்பதை விழவைக்க இன்னொரு தட்டை எறிவார்கள். பிறகு இரண்டையும் விழவைக்க மூன்றாவது. புதருக்குள் போனால் கையை விடாதீர்கள். குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். வண்டலூர், நன்மங்கலம் பக்கத்துப் புதர்க்காடுகளை ஒட்டிய மைதானங்களில் நாம் போவதற்கு முன்பே பாம்பு குடியிருக்கும்.

இனி அந்த இருநூறு பேர். வீசப்போகும் தட்டு யாரையாவது காயப்படுத்தலாம் அல்லது இன்னொரு ஆட்டக்காரரின் கவனத்தைக் கலைக்கலாம் என்றால் வீசக் கூடாது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. ஒரு வீச்சுக்கு 30 விநாடி நேரம் என்பது அதே புத்தகத்தில் இருந்தாலும், பாதையில் ஒரு தாத்தா நடக்கிறபோது கடிகாரத்தைப் பார்ப்பவரை யாரும் ஆட்டக்காரர் என்று மதிப்பதில்லை. அவர் போகட்டும். கையசைத்து “போங்க ஐயா” என்று சொல்லுங்கள். நாம் காத்திருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் நம்மைப் பார்த்து அவரும் நின்றுவிடுவார், இரு தரப்பும் நின்றுகொண்டிருக்கும். தட்டு தவறிப் போனால் உடனே கத்த வேண்டும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் கோல்ஃபிலிருந்து வந்த ஒரு கூச்சல் உண்டு, இங்கே “தலை! தலை!” என்பதுதான் சட்டென்று புரியும். அதைக் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் தலையைக் குனிந்து கையால் மூட வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். தெருநாய்களுக்குச் சொல்லிப் பயனில்லை. அவை தட்டைத் துரத்தும், கவ்வும், திருப்பித் தராது.

நல்ல திடலில் இந்தப் பொறுப்பில் பாதியை வடிவமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கும். புதிதாக ஆடுகிறவர் கையைத் தாமதமாக விட்டால் தட்டு வலப்பக்கம் ஓடும், சீக்கிரம் விட்டால் இடப்பக்கம். அதனால் இரண்டு பக்கமும் ஆபத்துதான். ஓரளவு பாதுகாப்பான இடம் வீசுகிறவரின் முதுகுக்குப் பின்னால். நடைபாதை வீசும் மேடைகளுக்குப் பின்புறமாகப் போகும்படி அமைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்குக் கட்டாய வழி என்ற ஏற்பாடு. ஒரு மரத்தில் அம்புக்குறி மாட்டி, தட்டு இந்த மரத்துக்கு இடப்பக்கமாகத்தான் போக வேண்டும் என்று விதிப்பார்கள். மீறினால் ஒரு வீச்சு அபராதம். ஆட்டத்துக்குச் சுவை கூட்டத்தான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பல திடல்களில் அந்த மரத்தின் மறுபக்கம் ஊஞ்சலோ பெஞ்சோ இருக்கும். கூடை கண்ணுக்குத் தெரியாத ஹோலில் குழுவில் ஒருவர் முன்னால் போய் நின்று, பாதை காலியா என்று கை காட்டுவார்.

எல்லோரும் புழங்கும் பூங்காவில் ஆடுவதற்கு ஓர் உதாரணம்: லண்டனின் தெற்கே, தமிழர் கணிசமாக வாழும் குரோய்டனில், லாயிட் பூங்கா என்று ஒன்று. அதே பெயரில் டிராம் நிறுத்தம் பக்கத்திலேயே இருப்பதால் போவது சுலபம். பூங்காவுக்குள் 18 கூடை. சனிக்கிழமை காலை 9 மணிக்கு அங்கே பொதுமக்களின் 5 கிலோமீட்டர் ஓட்டம் நடக்கும். நாயோடு நடப்பவர்கள் நாள் முழுக்க. டொரோன்டோவில் டான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஈ.டி. சீட்டன் பூங்காவில் டிஸ்க் கோல்ஃபும் பொதுமக்களுக்கான வில்வித்தைத் திடலும் சேர்ந்தே இருக்கின்றன. வில் என்றால் எல்லோருக்கும் பயம் இருக்கிறது, யாரும் அம்புக்குக் குறுக்கே போக மாட்டார்கள். தட்டு என்றால் பொம்மைதானே என்ற நினைப்பு. அதனால்தான் தட்டுக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஊர்களுக்கும் நமக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் நேரம். அங்கே பூங்கா பகல் முழுவதும் திறந்திருக்கும். வேலை நாளில் மதியம் இரண்டு மணிக்குப் போனால் ஆள் குறைவு, ஆட்டக்காரர்கள் அப்போது வருவார்கள். நம் ஊர்ப் பூங்காக்கள் பல விடியற்காலை திறந்து ஒன்பது, பத்து மணிக்குப் பூட்டி, நான்கு மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். பூட்டாவிட்டாலும் சித்திரை வெயிலில் மதியம் ஆட முடியாது. அப்படியென்றால் ஆடக்கூடிய நேரமும் வாக்கிங் போகிறவர்கள் நிறைந்த நேரமும் ஒன்றேதான். இதை மழுப்பிப் பயனில்லை.

அடுத்தது இடம். ஒரு ஹோலுக்குச் சுமார் ஒரு ஏக்கர் என்பது வடிவமைப்பாளர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. நம் கணக்கில் ஒரு ஏக்கர் ஏறக்குறைய 18 கிரவுண்டு. தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. இன்று 70 வார்டுகள். இந்த வார்டுகளின் சிறு பூங்காக்கள் பலவும் பழைய மனைப்பிரிவுகளில் பொதுவெளிக்காக ஒதுக்கிய நிலத்தில் வந்தவை. பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதம் அப்படி விட வேண்டும் என்பது விதி, ஓ.எஸ்.ஆர். நிலம் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பத்து கிரவுண்டு பூங்காவில் நடைபாதை, சறுக்குமரம், ஜிம் கருவிகள், பிள்ளையார் கோயில் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? பாதி ஹோல்கூட வராது. அங்கே முழுத் திடல் கேட்பது அநியாயம். ஏரிக்கரைகளும் வேண்டாம். சிட்லபாக்கமோ சேலையூரோ செம்பாக்கமோ, கரை நடப்பதற்கானது. தண்ணீரில் விழும் தட்டும் பெரும்பாலும் மூழ்கிவிடும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பறவைகளுடையது, அந்தப் பேச்சே வேண்டாம்.

பொருத்தமான இடம் ஒன்று கிண்டியில் இருக்கிறது. குதிரைப் பந்தய மைதானத்தின் சுமார் 160 ஏக்கரை 2024இல் தமிழ்நாடு அரசு திரும்ப எடுத்தது; அதில் 118 ஏக்கரைப் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கியது. வழக்குகள் ஒருபுறம் இருக்கட்டும். பல ஆண்டுகளாக அந்த ஓடுபாதை வளையத்துக்கு உள்ளேயே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலும் இருந்தது. வெளியே குதிரை, உள்ளே கோல்ஃப்: ஒரே நிலத்தில் பல ஆட்டம் என்பது கிண்டிக்குப் பழக்கமானதுதான், உள்ளே யாரை விட்டார்கள் என்பது வேறு கதை. 118 ஏக்கரில் ஒரு மூலையில் பத்து ஏக்கரை மரநிழலோடு விட்டால் ஒன்பது கூடை தாராளமாக வரும். புல்தரை தேவையில்லை, நீர் ஊற்ற வேண்டியதில்லை, மரத்தை வெட்ட வேண்டியதில்லை. மரம் இருந்தால்தான் ஆட்டமே சுவாரசியம்.

அதுவரை? ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி மைதானங்களில் எட்டு கிரிக்கெட் மேட்ச் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடப்பதையும், இந்த மேட்ச்சின் லாங்-ஆன் அந்த மேட்ச்சின் ஸ்லிப்பில் நிற்பதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இடம் பகிர்ந்துகொள்ள யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அங்கே எல்லோர் கண்ணும் பந்தின் மேல் இருக்கும். பூங்காவில் நடப்பவர் காதில் பாட்டு ஓடும், கண் கைப்பேசியில் இருக்கும். ஆகவே முதலில் மைதானத்தில் தொடங்குங்கள், பூங்காவுக்குப் பிறகு வரலாம். முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடை தேவையில்லை, ஒரு மரம், ஒரு கம்பம், ஒரு கவிழ்த்த வாளி போதும், பட்டால் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஓக் குரோவிலும் அப்படித்தான் தொடங்கினார்கள். இருபது, முப்பது மீட்டரில் ஆறு இலக்குகள். நான்கு பேருக்கு மேல் வேண்டாம். வீசாத ஒருவர் எப்போதும் ஆட்களைக் கவனிக்க வேண்டும்.

கை பழகியதும், மடக்கி எடுத்துப்போகும் கூடை ஒன்றை வாங்கிக் குடியிருப்புப் பூங்காவில் வைக்கலாமா என்று ஆசை வரும். பல பூங்காக்களின் அன்றாடப் பராமரிப்பு குடியிருப்போர் நலச் சங்கத்தின் கையில் இருப்பதால் அவர்களிடம்தான் முதலில் பேச வேண்டும், பிறகு மாநகராட்சி மண்டல அலுவலகம். பத்து மீட்டருக்குள் கூடையில் போடும் பயிற்சி மட்டும், பட்டர் மட்டும், விளையாடி முடித்ததும் கூடையைக் கையோடு எடுத்துப்போவோம் என்று சொன்னால் மறுக்கக் காரணம் குறைவு. விளக்கக் கடிதத்தைவிட, செயலாளர் கையில் ஒரு பட்டரைக் கொடுத்து ஐந்து மீட்டரில் நிற்கவைப்பது வேகமாக வேலை செய்யும். மூன்றாவது வீச்சில் சங்கிலி அடித்துவிட்டால் நான்காவதை அவரே கேட்பார். கூடையை மட்டும் எவர் வீட்டுப் படுக்கையறைச் சுவர் பக்கமும் வைக்காதீர்கள். சங்கிலிச் சத்தம் ஆடுகிறவருக்கு இனிமை. ஆறரை மணிக்கு முன்னால் அதைக் கேட்டு எழுந்தவர் அடுத்த சங்கக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார்.